இரண்டாவது ரொட்டி

ஏழாண்டுக்கு ஒருமுறை வருகிறது அந்த உறை.
பல்கலைக்கழக முத்திரை,
என் பெயருக்கு மேலே என் எண்: நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு என் தம்பி தௌனோ,
என்னோடு பிறந்தவன், பதினோரு நிமிடம் இளையவன்.

இம்முறை ஏழாவது கேள்வி:
"நான் பொறுமைசாலி."
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு வட்டம் போட வேண்டும்.
வெளியே மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஓலு நகரத்தில் ஜனவரி.

அப்போது எங்களுக்கு ஐந்து வயது.
ஒரு மேசை, ஒரு தட்டு,
தட்டில் ஏலக்காய் மணக்கும் ஒற்றை ரொட்டி,
மேலே சீனித் துகள்.
"நான் திரும்பி வரும்வரை தொடாமலிருந்தால்
இன்னொன்று தருவேன்" என்றார் டாக்டர் சாரெலா.
கதவைச் சாத்திவிட்டுப் போனார்.
சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால்
யாரோ இருமியது எனக்குக் கேட்டது.

தௌனோவின் முறை வந்தபோது
எட்டு நொடியில் தின்று முடித்தான்.
எட்டு என்று அறிக்கையிலேயே இருக்கிறது.
நான் இருபது நிமிடம். அதுவும் இருக்கிறது.
எனக்கு எதிரே எழுதினார்கள்: தன்னடக்கம், உயர்வு.
அவனுக்கு ஒரே சொல்: அவசரம்.

ஜன்னலடியில் வெந்நீர்க் குழாய் ஓடியதை
யாரும் எழுதவில்லை.
என் முதுகு அதன் பக்கம்.
எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் விறகு தீர்ந்துவிடும்.
ரொட்டியைத் தின்றால் எழுந்து போகச் சொல்வார்கள்.
சாரெலாவின் கடிகாரம் அளந்தது
நான் குளிர்காய்ந்த நேரத்தை.

எங்களுக்கு மூன்று அண்ணன்கள்.
பெண்பிள்ளை தட்டில் கைவைக்க மாட்டார்கள்.
தௌனோ எதை மிச்சம் வைத்தாலும்
தலை திருப்புவதற்குள் காணாமல் போகும்.
எட்டு நொடி என்பது
அவன் கணக்கில் தாமதம்.

பிறகு கோட்பாடுகள் மாறின.
பன்னிரண்டு வயதில் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள்:
அழுதால் தூக்குவாளா, தூக்கினால் முகம் பார்ப்பாளா.
அம்மாவுக்கு மீன் ஆலையில் இரவு வேலை;
அதை எழுதக் கட்டத்தில் இடமில்லை.
இருபத்தாறில் என்னை ஐந்து குணங்களாகக் கூறுபோட்டு
நூற்றுக்கு இத்தனை என்று அனுப்பிவைத்தார்கள்,
கறிக்கடை ரசீதுபோல.
நாற்பதில், ஒரு குழாயில் எச்சில் துப்பச் சொன்னார்கள்.
துப்பினேன். தபால் செலவு அவர்களுடையது.

ஒவ்வொரு முறையும் பாதி சரியாகத்தான் இருந்தது.
அதுதான் தொந்தரவு.

தன்னடக்கம் உயர்வு என்று எழுதப்பட்டவள்
ரெய்யோவோடு பத்தொன்பது வருடம் இருந்தேன்,
அவன் திரும்பி வரும்வரை
எதையும் தொடாமல்.
இரண்டாவது ரொட்டி வரவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால்
இரும ஓர் ஆளும் இல்லை.

போன ஏப்ரலில் ஆற்றுப் பனி உடைந்து
ஒரு பையன் உள்ளே போனான்.
கரையில் பதினான்கு பேர்,
யோசிக்கத் தெரிந்தவர்கள்.
தௌனோ குதித்தான்.
எத்தனை நொடி என்று யாரும் எண்ணவில்லை.
பையன் பிழைத்தான்.
இவனுக்கு வலக்கையில் இரண்டு விரல் போயிற்று.
"என்ன நினைத்துக் குதித்தாய்?" என்றேன்.
"நினைக்கவா? விட்டுவைத்தால் போய்விடும்" என்றான்,
கட்டுப்போட்ட கையால் காபியைக் கலக்கிக்கொண்டே.

நேற்று போனில் கேட்டேன், ஏழாவது கேள்விக்கு என்ன போட்டாய்.
"ஐந்து. எல்லாக் கேள்விக்கும் ஐந்து.
உறையை ஒட்டியாயிற்று."

நான் இன்னும் பேனாவோடு இருக்கிறேன்.
மூன்றில் ஒரு வட்டம், பிறகு அடித்துவிட்டு இரண்டில்.
கடைசியில் ஓரத்து வெற்றிடத்தில் எழுதினேன்:
அறை வெதுவெதுப்பாக இருந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாரோ ஒருத்தி
இதை எந்த எண்ணாக மாற்றுவது என்று
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.